சங்கத்துக் கணிப்பொறிக்கு எத்தனை கோர்?

கணிப்பொறி வாங்கலாமா, வேண்டாமா என்று நிர்வாகக் குழுக்கள் விவாதித்த காலம் கடந்துவிட்டது. இருக்கின்ற கணிப்பொறியின் பிராசஸரைக் கழற்றிவிட்டு, அதைவிட அதிகக் கோர்கள் கொண்ட ஒன்றைப் பொருத்தலாமா என்ற பொருள் இப்பொழுது நிகழ்ச்சி நிரலில் இடம்பெறத் தொடங்கியிருக்கிறது. ஓசூர், பர்கூர், காவேரிப்பட்டணம் வட்டாரங்களில் இத்தகைய தீர்மானங்கள் சிலவற்றை ஆய்வின்போது படிக்க நேர்ந்தது. எந்த வேலை தாமதமாகிறது, எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்ற விவரம் அவற்றுள் ஒன்றிலும் இல்லை. "கணிப்பொறி மெதுவாக இயங்குவதாலும், தற்காலத் தேவைக்குப் போதாமையாலும்" என்ற வாசகம் மட்டும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் எல்லாவற்றிலும் இருந்தது. தறி ஓடவில்லை என்று ஒரு நெசவாளர் வந்து சொன்னால், விழுது அறுந்ததா, அச்சில் இழை சிக்கியதா, மிதி கழன்றதா என்று பாராமல் புதுத் தறிக்குப் பணம் ஒதுக்கும் சங்கம் எங்கேனும் உண்டா? கணிப்பொறி விஷயத்தில் மட்டும் நாம் அப்படிச் செய்யத் துணிகிறோம்.

சொல்ல வந்த கருத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நலம். நமது சங்கங்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்குக் கோரின் எண்ணிக்கையைக் கூட்டுவதால் கிடைக்கும் பயன் அற்பம். அதற்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியை வேறிடத்தில் செலவிட்டால் கிடைக்கும் பயன் பெரிது. சில சங்கங்களுக்கோ இரண்டுமே வீண். அவை பழைய இயந்திரத்தை விட்டொழிப்பதே சரி. இவற்றில் தம் சங்கம் எந்த வகையைச் சேர்ந்தது என்பதை அங்கத்தினர்கள் தாமே கண்டறிய இயலும். அதற்குப் பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை.

கோர் என்பது யாது? கணிப்பொறியில் கணக்கிடும் வேலையைச் செய்யும் சில்லுக்குப் பிராசஸர் என்று பெயர். தமிழில் செயலி என்பர். முற்காலத்தில் ஒரு செயலிக்குள் கணக்கிடும் ஆள் ஒருவர்தான் இருந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1971இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 4004 என்ற முதற்செயலியிலிருந்து முப்பது ஆண்டுக் காலம், அந்த ஒருவரையே மேலும் மேலும் விரைவாக வேலை செய்யவைப்பதில்தான் உலகத்துப் பொறியியலாளர் முனைந்திருந்தனர். ஒரு கட்டத்தில் அவர் உடம்பு சூடேறிவிட்டது. இது உவமைக்காகச் சொல்வதன்று. விரைவு கூடக்கூடச் சில்லு உண்மையிலேயே தாங்கவொண்ணாத வெப்பத்தை வெளியிட்டது. எனவே ஒருவரை விரட்டுவதை நிறுத்தி, ஒரே சில்லுக்குள் இருவரை அமர்த்தினர். 2001இல் ஐ.பி.எம். நிறுவனம் பெரிய இயந்திரங்களுக்கு இதைச் செய்தது. 2005இல் இன்டெல், ஏ.எம்.டி. ஆகிய இரு நிறுவனங்களும் மேசைக் கணிப்பொறிகளுக்கே இரட்டைக் கோர்களைக் கொணர்ந்தன. பின்னர் நான்கு, ஆறு, எட்டு, பதினாறு என்று எண்ணிக்கை வளர்ந்தது. ஆக, கோர் பெருகியது ஒரு கோரின் வேகத்தை முன்போல் கூட்ட இயலாமற் போனதால்தான். இந்த வரலாறு தெரிந்தவர், எட்டுக் கோர் என்றதும் இரு மடங்கு வேகம் என்று எண்ணிவிடமாட்டார்.

நெசவாளர்களுக்கு இதை விளக்குவது எளிது. உண்மையில் கணிப்பொறியின் முன்னோரில் ஒருவர் நெசவுத் தொழிலைச் சேர்ந்தவரே. பிரெஞ்சு தேசத்து ஜக்கார்டு 1804 வாக்கில் உருவாக்கிய, துளையிட்ட அட்டைகளால் பூவேலையை நடத்தும் தறியைக் கண்டுதான், கணக்கிடும் இயந்திரத்துக்கும் அட்டை மூலம் கட்டளையிடலாம் என்ற யோசனை இங்கிலாந்தில் சார்ல்ஸ் பாபேஜுக்குப் பிறந்தது. நம் வீடுகளில் தறிமேல் ஏறியிருக்கும் ஜக்கார்டு பெட்டிக்கும், சங்க மேசைமேல் இருக்கும் பெட்டிக்கும் உறவுமுறை உண்டு. நிற்க.

ஒரு சங்கத்தில் நான்கு தறிகளும், பாவு ஓட்ட ஒரே ஓர் இடமும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பாவு ஓட்டி, கஞ்சி போட்டு, பிணைத்துக் கொடுத்தால்தான் தறி ஓடும். மேலும் நான்கு தறிகளை வாங்கிப் போட்டால் உற்பத்தி இரட்டிக்குமா? பாவு வரும்வரை அவை வெறுந்தறிகளாக நிற்கும். கணிப்பொறிக் கணக்கும் இதுவே. ஐ.பி.எம்.மில் பணிபுரிந்த ஜீன் அம்டால் என்பார் 1967இல் இதைக் கணித முறையில் எடுத்துரைத்தார். ஒருவர் செய்தால் நூறு நிமிஷம் பிடிக்கும் வேலை ஒன்றில், பாதி ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தே தீரவேண்டியது. மறுபாதி பலர் பங்கிட்டுக்கொள்ளக் கூடியது எனக் கொள்வோம். நான்கு கோர் இருந்தால் ஐம்பதும் பன்னிரண்டரையும் சேர்ந்து அறுபத்திரண்டரை நிமிஷம். எட்டுக் கோர் இருந்தால் ஐம்பதும் ஆறேகாலும் சேர்ந்து ஐம்பத்தாறேகால் நிமிஷம். கோர் இரட்டித்தும் மீதியாவது ஆறேகால் நிமிஷமே. ஆயிரம் கோர் வைத்தாலும் ஐம்பது நிமிஷத்துக்குக் கீழே அவ்வேலை இறங்காது.

சங்கத்தில் நடக்கும் வேலை எவ்வகையைச் சேர்ந்தது? அங்கத்தினர் பெயரைத் தேடுவது, சிட்டா அடங்கலைப் படமெடுத்து ஏற்றுவது, நகைக் கடன் பற்றுச்சீட்டு அச்சிடுவது, நாட்குறிப்பேட்டை மூடுவது ஆகியவையே. ஒரு படி முடிந்த பின்னரே அடுத்த படி. மேலும், எழுத்தர் ஒரு விசையைத் தட்டிவிட்டு அடுத்த விசையைத் தட்டும் இடைவெளியில், செயலி கோடிக்கணக்கான கணக்குகளைப் போட்டு முடித்துவிட்டுச் சும்மா காத்திருக்கிறது. காத்திருப்போர் எண்ணிக்கையை நான்கிலிருந்து எட்டாக்க நாம் பணம் செலுத்த வேண்டுமா?

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கு மற்றொரு விஷயமும் உண்டு. நாட்டிலுள்ள இத்தகைய சங்கங்களில் 63,000த்தைக் கணிப்பொறி மயமாக்க ரூ. 2,516 கோடித் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2022 ஜூன் 29 அன்று ஒப்புதல் அளித்தது. நபார்டு வங்கியின் வழியாகத் தேசம் முழுமைக்கும் பொதுவான ஒரு மென்பொருள் வந்தது. இம்முறையில் கணக்கின் பாரத்தைச் சுமப்பது பெரும்பாலும் தொலைவிலுள்ள மையக் கணிப்பொறி. சங்கத்து இயந்திரம் அதற்கு ஒரு சாளரம் போன்றது. சாளரத்துக்கு அப்பால் மந்தமிருந்தால் சாளரத்தை அகலப்படுத்தி என்ன பயன்? அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை மலைப்புறங்களில் இணையத் தொடர்பு அறுந்தறுந்து வரும் சங்கத்தின் செயலாளர், கோரைக் கூட்டக் கோரும் தீர்மானத்தைவிட இரண்டாவது இணைய இணைப்புக்குத் தீர்மானம் கொணர்வது பொருத்தமாயிருக்கும். உரம் விற்கும் கருவியும் நியாயவிலைக் கடைக் கருவியும் தனித்தனியே இயங்குபவை. அவை மெதுவாயிருப்பதற்குச் செயலாளர் மேசையிலுள்ள கணிப்பொறியைக் குறைகூறுவதும் முறையன்று.

அப்படியானால் கணிப்பொறி மெதுவாயிருப்பது பொய்யா? பொய்யன்று. மாங்காய்ப் பருவத்திலும், பயிர்க் கடன் புதுப்பிக்கும் நாட்களிலும் அங்கத்தினர் திண்ணையில் காத்துக் கிடப்பது கண்கூடு. காலையில் இயந்திரத்தைத் திறந்தால் அது தயாராவதற்குள் ஒரு குவளைத் தேநீர் குடித்து முடித்துவிடலாம். ஒரு கூலி நாளை விட்டுவிட்டு வந்தவருக்கு அக்காத்திருப்பின் விலை என்ன என்பதை நாம் அறிவோம். நோய் உண்மை. மருந்து வேறு என்பதே என் வாதம்.

நோயைக் கண்டறிய ஒரு வழி கணிப்பொறிக்குள்ளேயே இருக்கிறது. விண்டோஸ் இயந்திரத்தில் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் டாஸ்க் மானேஜர் என்ற பலகை தோன்றும். செயலி, மெமரி, டிஸ்க் ஆகியவை நூற்றுக்கு எத்தனை பங்கு உழைக்கின்றன என்பதை அது எண்ணால் காட்டும். கூட்டம் மிகுந்த வேளையில் ஒரு மணி நேரம் அதைத் திறந்து வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஓசூருக்கு அண்மையிலுள்ள ஒரு சங்கத்தில் செயலாளரும் நானும் அவ்வாறு பார்த்தோம். 2017ஆம் ஆண்டு வெளிவந்த, நான்கு கோர் கொண்ட செயலி அது. நெருக்கடி நேரத்திலும் அதன் உழைப்பு நூற்றுக்கு இருபதைத் தாண்டவில்லை. மெமரி நான்கு ஜி.பி. மட்டுமே, அது நிரம்பி வழிந்தது. டிஸ்க் நூற்றுக்கு நூறில் நின்றது. மேசையில் இடமின்றிப் பேரேடுகளைத் தரையில் இறக்குவதும் மீண்டும் தூக்கி வைப்பதுமாக ஓர் எழுத்தர் நாளெல்லாம் குனிந்து நிமிர்ந்தால் எப்படியோ, அப்படி. அந்தச் சங்கத்துக்கு வந்திருந்த விலைப்புள்ளியோ ஆறு கோர் செயலிக்கானது.

பழைய ஹார்ட் டிஸ்க் என்பது சுழலும் தட்டு. நிமிஷத்துக்கு 7,200 சுற்றுச் சுற்றும் தட்டில், வேண்டிய இடம் முள்ளுக்கடியில் வருவதற்கே சராசரி நான்கு மில்லி விநாடிக்கு மேல் ஆகும். முள் நகரும் நேரமும் சேர்ந்தால் பத்து, பன்னிரண்டு மில்லி விநாடி. சுழலும் பாகமற்ற எஸ்.எஸ்.டி. என்ற சேமிப்புச் சாதனம் அதே வேலையை ஒரு மில்லி விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்திலோ, அதற்கும் குறைவாகவோ முடிக்கிறது. கோரை இரட்டிப்பதால் ஆறு நிமிஷம் குறைவதற்கும் இதற்கும் உள்ள தாரதம்மியத்தை வாசகர்களே எடைபோடலாம். மெமரியை எட்டு அல்லது பதினாறு ஜி.பி.யாக்கி, டிஸ்கை மாற்றினால், அந்த நான்கு கோர் இயந்திரம் இன்னும் சில ஆண்டுகள் குறைவின்றி உழைக்கும். பழைய டிஸ்கிலுள்ளவற்றை அப்படியே புதியதில் பிரதியெடுக்கலாம். மென்பொருளை மறுபடி நிறுவ வேண்டிய தொல்லையும் இல்லை.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14 அன்று பொதுவாக நிறுத்திவிட்டது. நீட்டிப்பு வேண்டும் ஸ்தாபனங்கள் தனியே கட்டணம் செலுத்த வேண்டும். அங்கத்தினரின் சேமிப்பும் ஆதார் எண்ணும் ஏறியுள்ள இயந்திரத்தைப் பாதுகாப்பின்றி இணையத்தில் விடுவது, பெட்டகத்தைப் பூட்டாமல் இரவுக் காவலரையும் அனுப்பிவிடுவதற்கு ஒப்பாகும். விண்டோஸ் 11க்கு மாறியாக வேண்டும். அதற்கு அந்நிறுவனம் கேட்கும் கோர் எத்தனை? இரண்டே இரண்டு. ஆனால் செயலியின் தலைமுறையை அது வற்புறுத்துகிறது. இன்டெல் செயலியாயின், பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆக இருக்க வேண்டும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு உறுப்பும் வேண்டும்.

ஏமாறும் இடம் இதுதான். ஏழாம் தலைமுறை ஐ-3 செயலி இரண்டு கோர் கொண்டது. அதே பலகையில் பொருந்தும் ஏழாம் தலைமுறை ஐ-7 செயலி நான்கு கோர் கொண்டது. கோர் இரட்டிக்கிறது, கடைக்காரர் சொல்வதில் பொய்யில்லை. ஆனால் இரண்டுமே விண்டோஸ் 11க்குத் தகுதியற்றவை. "சரி, அந்தப் பலகையிலேயே எட்டாம் தலைமுறையைப் பொருத்துவோமே" என்றால், செருகும் இடம் பார்வைக்கு ஒன்றாயினும் பலகை ஏற்காது. எட்டாம் தலைமுறைக்கென 300 வரிசைப் பலகைகள் தனியே வந்தன. ஏ.எம்.டி. நிறுவனத்தின் ஏ.எம்.4 வகைப் பலகை உள்ளவர்கள் இவ்விஷயத்தில் பாக்கியசாலிகள். 2017இல் வாங்கிய பலகை பலவற்றில், பயாஸ் என்ற அடிப்படை மென்பொருளைப் புதுப்பித்தபின் பிந்திய தலைமுறைச் செயலிகளும் பொருந்தின. உங்கள் பலகை எது என்பதை விலைப்புள்ளி கோருமுன் எழுதி வாங்குங்கள். ஏழாம் தலைமுறைக்கும் அதற்கு முந்தியதற்கும் செயலி வாங்கச் சொல்லும் எந்தத் தீர்மானத்தையும் நான் ஆதரிக்க மாட்டேன். அப்பணத்தைப் புது இயந்திரத்துக்கான நிதியில் சேருங்கள்.

விண்டோஸையே விட்டுவிட்டு லினக்சுக்கு மாறலாமே என்று இளைஞர் சிலர் சொல்வர். சென்னையிலுள்ள சி-டாக் நிலையம் பாஸ் என்ற லினக்ஸைத் தமிழ் உட்பட இந்திய மொழிகளுக்காகவே ஆக்கியிருக்கிறது. பழைய இயந்திரத்திலும் ஓடும், விலையும் இல்லை. ஆயினும் கைரேகைக் கருவி, பாஸ்புத்தகம் அச்சிடும் இயந்திரம், மின்கையொப்பச் சாவி ஆகிய மூன்றும் அதில் இயங்கக் கண்டபின் மாறுவதே விவேகம்.

கோர் அதிகம் வேண்டிய இடமே இல்லையா? தாராளமாக உண்டு. சிப்காட், சிட்கோ வளாகங்களில் வார்ப்பு அச்சு வடிவமைக்கும் பட்டறைகளில், உலோகம் எங்கே சூடேறும், எங்கே விரிசல் விடும் என்று கணிப்பொறியில் முன்கூட்டிச் சோதிக்கிறார்கள். அந்தக் கணக்கு ஆயிரமாயிரம் துண்டுகளாகப் பிரியக் கூடியது. அங்கே பதினாறு கோர் உள்ள இயந்திரம் தன் விலையை விரைவில் ஈட்டித் தந்துவிடும். அதே பட்டறையில் வெறும் வரைபடம் போடும் மேசைக்கு அவ்வளவு தேவையில்லை என்பதையும் அவர்களே சொல்வார்கள். நம் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் கணிப்பொறி வழியே சேலை வடிவமைப்பவர் ஒருவர் இருந்தால், படங்களையும் சலனப் படங்களையும் ஆக்குபவர் இருந்தால், ஆறு கோர் கேட்பது நியாயமே. சங்கத்தின் ஒரே இயந்திரத்தை மையமாக வைத்து நாலைந்து கவுன்டர்கள் இயங்கினாலும் நியாயமே. அங்கும் மெமரியை முதலில் பாருங்கள். புதிதாக வாங்கும்போதோ கேள்வியே வேறு. இன்றைய சாதாரண இயந்திரத்திலேயே நான்கு, ஆறு கோர்கள் வந்துவிடுகின்றன. அப்போது சிறு விலை வித்தியாசத்துக்காக ஒரு படி மேலே வாங்குவதை நான் ஆட்சேபிக்கவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தின் வயிற்றைக் கிழித்து மாற்றுவதுதான் யோசிக்க வேண்டிய காரியம்.

நமது வட்டாரத்தில் இந்த ஆசை எங்கிருந்து வருகிறது என்பதும் எனக்குத் தெரியும். அங்கத்தினரின் பிள்ளைகளில் பலர் ஓசூர்த் தொழிற்சாலைகளிலும், அத்திப்பள்ளிக்கு அப்பால் எலெக்ட்ரானிக் சிட்டியிலும் வேலை பார்க்கிறார்கள். அவர்கள் மேசையிலுள்ள இயந்திரத்தைப் பற்றி வீட்டில் பேசுகிறார்கள். தந்தையார் அதைக் குழுக் கூட்டத்தில் பேசுகிறார். அறிவு இவ்வாறு பரவுவது மகிழ்ச்சிக்குரியதே. அந்தப் பிள்ளையையே ஒரு விடுமுறை நாளில் சங்கத்துக்கு அழைத்து வந்து டாஸ்க் மானேஜர் பலகையைக் காட்டினால், அவரே வேறு யோசனை சொல்லக்கூடும்.

பெங்களூர் எஸ்.பி. ரோடு நமக்கு நாற்பது கிலோமீட்டர் தொலைவுதான். அங்கே பெரிய கம்பெனிகளின் பழைய இயந்திரங்களிலிருந்து கழற்றிய செயலிகள் மலிவாகக் கிடைக்கும். சொந்த வீட்டுக்கு வாங்குபவர் வாங்கட்டும். சங்கத்துக்கு வாங்கும் பொருளுக்கு ரசீதும், உத்தரவாதமும், இருப்புப் பதிவேட்டில் வரிசை எண்ணும் வேண்டும். மாநில எல்லை தாண்டினாலும் வரியின் மொத்த விகிதம் மாறுவதில்லை. மத்திய, மாநில வரிகளாகப் பிரியாமல் ஒருங்கிணைந்த வரியாக வரும், அவ்வளவே. ஆனால் பழுது வந்தால் ஜுஜுவாடியைத் தாண்டி ஆள் வருவாரா என்பதை முன்னரே எழுத்தில் பெறுங்கள். 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் விதிகளும், பதிவாளர் சுற்றறிக்கைகளும் செயலாளர் அறிந்தவை. அவற்றை இங்கே விரிக்கவில்லை. விலையை ஒப்பிட்டுப் பார்க்கவாவது ஜெம் என்னும் அரசு மின்சந்தையை ஒருமுறை திறந்து பாருங்கள்.

நெசவாளர் சங்கங்களுக்குத் தனியே ஒரு வார்த்தை. அவை கைத்தறித் துறையின் கீழ் வருவதால், மேலே குறித்த 2022ஆம் ஆண்டுத் திட்டத்தில் அடங்கா. அவை வாங்கும் ஒவ்வொரு சில்லும் பெரும்பாலும் தம் சொந்த நிதியிலிருந்தே. ஆகவே அவர்களுக்கு இக்கணக்கு இன்னும் கூர்மையானது. ஒரு செயலியின் விலைக்கு எத்தனை கிலோ நூல் வரும் என்று அவர்கள் கேட்பதை நான் குறையாகக் கருதவில்லை.

அடுத்த கூட்டத்தில் இப்பொருள் வந்தால், தீர்மானத்தில் சில விவரங்களையாவது சேர்க்குமாறு அங்கத்தினர்கள் கேட்கலாம்: எந்த வேலைக்கு இப்போது எவ்வளவு நேரம் ஆகிறது, செயலி, மெமரி, டிஸ்க் மூன்றில் எது நிரம்பி நிற்கிறது, செயலி எந்தத் தலைமுறை. மாற்றிய ஒரு மாதத்துக்குப் பிறகு அதே வேலைக்கு ஆகும் நேரத்தை அளந்து குழுவின் முன் வைக்கவேண்டும் என்று ஒரு வரியையும் சேர்த்தால் நன்று. அவ்வரி இருந்தால், விலைப்புள்ளி தருபவரும் சற்று நிதானித்தே வாக்களிப்பார்.

டிஸ்கை மாற்றுகின்ற சங்கங்கள் பழைய டிஸ்கைக் கடைக்காரரிடம் விட்டுவிடக் கூடாது. எத்தனையோ அங்கத்தினரின் கையொப்பமும் நில விவரமும் கைபேசி எண்ணும் அதற்குள் இருக்கின்றன. அழித்ததாகத் தோன்றுபவற்றையும் மீட்டெடுக்க வழியுண்டு. முறைப்படி முழுவதும் அழித்தபின், அல்லது துளையிட்டுப் பாழாக்கியபின், பதிவேட்டில் குறித்து, பதிவுபெற்ற மின்கழிவு நிறுவனத்திடம் ஒப்படைத்து ரசீது பெறுக. அதுவரை அது நகைப் பெட்டகத்தின் பக்கத்திலேயே பூட்டியிருக்கட்டும்.